பிரிகேடியர் எந்த வருடம் ஓய்வு பெற்றார்? டாக்டர் ஹூ கன்டின்யூட்டி வாதத்தில் இறங்குவது எப்படி

'டாக்டர் ஹூ' பார்க்கிற இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து, "யூனிட் கதைகள் எல்லாம் எழுபதுகளில் நடக்கின்றனவா, எண்பதுகளிலா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போங்கள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவித் திரும்பி வந்தாலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். யூனிட் என்பது கதையில் பூமியை வேற்றுக்கிரக ஆபத்துகளிலிருந்து காக்கும் ராணுவப் படை, பிரிகேடியர் அதன் தலைவர். 'டாக்டர் ஹூ', காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றி 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய தொடர். 1989இல் நின்று, 1996இல் ஒரே ஒரு டிவி படமாகத் தலைகாட்டி, 2005இல் மறுபடி எழுந்து வந்தது. இத்தனை வருடத்தில் தயாரிப்பாளர்கள் மாறினார்கள், கதாசிரியர்கள் மாறினார்கள், டாக்டரே சாகும்போதெல்லாம் புது உடலோடு மறுபிறவி எடுத்து ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். முன்னுக்குப் பின் முரண் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த முரண்களைப் பற்றி, அதாவது கன்டின்யூட்டி பற்றி, வாதாடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை நேரம் போக்க ஒரு வழி என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வசனத்துக்காக மூன்று முறை திரும்பப் பார்த்த எபிசோடில், முதல் முறை கண்ணில் படாத எத்தனையோ நல்ல விஷயங்கள் பட்டிருக்கின்றன. ஆனால் வாதம் பாதியில் திசைமாறிப் போனால், நேற்று வரை ஒன்றாகப் பார்த்தவர்கள் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். அதனால் புதிதாக இறங்குகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்த முறையை எழுதுகிறேன்.

வசனத்தைச் சொல்லுக்குச் சொல் எடுங்கள்

முதல் வேலை, எபிசோடைத் திரும்பப் பார்ப்பது. ஞாபகத்தை நம்ப வேண்டாம். பழைய ரசிகர்களின் ஞாபகத்தையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் அவர்களில் பலருக்கு ஞாபகம் இருப்பது எபிசோடே இல்லை, புத்தகம். வீடியோ கேசட் வீட்டுக்கு வராத காலத்தில், ஒளிபரப்பான கதையைத் திரும்ப அனுபவிக்க ஒரே வழி அதன் நாவல் வடிவம்தான். அந்த நாவல்கள் திரையில் வந்ததை அப்படியே எழுதவில்லை. டாலெக்குகள் என்ற வில்லன் இனம் முதன்முதலில் வந்த கதையை 1964இல் நாவலாக எழுதிய டேவிட் விட்டேக்கர், பள்ளி ஆசிரியர்கள் இயனும் பார்பராவும் டாக்டரைச் சந்திக்கும் இடத்தையே மாற்றிவிட்டார். திரையில் அவர்கள் பள்ளி மாணவி சூசனைப் பின்தொடர்ந்து பழைய சாமான் கிடங்குக்குள் வருகிறார்கள். நாவலில் பனிமூட்டத்தில் நடக்கும் கார் விபத்து. நானே ஒரு வசனத்தை "எபிசோடில் இருக்கிறது" என்று அடித்துச் சொல்லி, பிறகு போய்ப் பார்த்தால் அது நாவலில் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து, பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறுபதுகளில் வந்த எபிசோடுகளின் டேப்புகளைப் பிபிசியே அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கவே இல்லை. ஆனால் அந்தக் காலச் சிறுவர்கள் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தார்கள், அந்தப் புண்ணியத்தால் எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது. ஆக, வசனத்தைச் சரிபார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகபாவம்தான் தெரியாது, குரல் இருக்கிறது.

சொல்வது யார்?

வசனம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி, அதைச் சொல்கிற ஆளுக்கு அது தெரியுமா, தெரிந்தாலும் உண்மையைச் சொல்வாரா. டாக்டரின் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன் ஏறக்குறைய 450 என்கிறார். 1987இல் சில்வெஸ்டர் மெக்காய் 953 என்கிறார். 2005இல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன், அதற்குப் பின்னும் ஆள் மாறிய பிறகு, 900 என்கிறார்! இதற்காக நேரக்கோடு மாறிவிட்டது, டாலெக்குகளோடு நடந்த காலப்போர் எல்லாவற்றையும் அழித்து எழுதிவிட்டது என்று பெரிய தியரிகள் உண்டு. எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. எந்தக் கிரகத்தின் வருடக் கணக்கு என்று சொல்லாமல், தன் பெயரைக்கூடச் சொல்லாத ஒருவர், தன் வயதைப் பற்றிச் சொல்வதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. 2013இல் மேட் ஸ்மித்தின் டாக்டர், தன் வயதைப் பற்றிப் பொய் சொல்கிறேனா என்பதே தனக்கு ஞாபகமில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்.

டாலெக்குகளின் பிறப்பும் இதே வகைதான். முதல் கதையில் அவர்களின் முன்னோர் பெயர் 'டால்'. 1975இல் வந்த 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையில் 'கேலெட்'. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள், டெரி நேஷன். அவர் மறந்தாரா, வேண்டுமென்றே மாற்றினாரா என்பது வேறு விஷயம். கதைக்குள் நின்று பார்த்தால், 'டால்' என்ற பெயர் வருவது எதிரிகளான தால்கள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சொல்லும் பழங்கதையில். 'கேலெட்' என்பதை டாக்டர் அந்தக் காலத்துக்கே போய் நேரில் பார்க்கிறார். நேரில் பார்த்ததற்கு எடை அதிகம். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

யூனிட் கணக்கு, முழுதாக

இப்போது பெரிய வழக்குக்கு வருவோம். கன்டின்யூட்டி வாதம் பழக நினைப்பவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் இதில் எல்லா வகைச் சாட்சியும் இருக்கிறது.

டாக்டர் 1935இல் திபெத்தில் பேராசிரியர் டிராவர்ஸைச் சந்திக்கிறார். 1968இல் ஒளிபரப்பான 'த வெப் ஆஃப் ஃபியர்' கதையில் கிழவராகிவிட்ட அதே டிராவர்ஸ், அது நடந்து நாற்பது வருடம் ஆயிற்று என்கிறார். அப்படியானால் அந்தக் கதை நடப்பது 1975 வாக்கில். லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் அறிமுகமாவது அந்தக் கதையில்தான், அப்போது அவர் கர்னல். அதே வருடக் கடைசியில் வந்த 'தி இன்வேஷன்' கதையில் அவர் பிரிகேடியர், யூனிட் என்ற படைக்குத் தலைவர். முந்தைய சந்திப்பு நான்கு வருடத்துக்கு முன்பு என்கிறார். 75உம் 4உம் 79. ஜான் பெர்ட்வீ டாக்டராக இருந்து யூனிட்டில் வேலை பார்த்த கதைகள் எல்லாம் இதற்குப் பிறகு. 1975இல் ஒளிபரப்பான 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள், டாக்டரும் மறுக்காமல் அவளை 1980க்கே கூட்டிப்போய்க் காட்டுகிறார். இதுவரை எல்லாம் பொருந்துகிறது.

அப்புறம் 1983 வருகிறது. 'மாட்ரின் அன்டெட்' கதையில் பிரிகேடியர் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். 1977இல் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார், அதற்கு முந்தின வருடமே யூனிட்டிலிருந்து ஓய்வு. அதாவது யூனிட்டைத் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

இதை எப்படிக் கையாள்வது? ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியாக எடை போடுங்கள். டிராவர்ஸ் வயதானவர், தலைகால் புரியாமல் பேசுகிறவர், 'நாற்பது' என்பது குத்துமதிப்பாக இருக்கலாம். ஆகவே ஐந்தாறு வருடம் தள்ளுபடி கொடுக்கலாம். சாராவின் 1980ஐ அப்படித் தள்ள முடியாது, கதையின் முக்கியமான காட்சியே அதில்தான் நிற்கிறது. 'மாட்ரின் அன்டெட்' கதையையும் தள்ள முடியாது. எலிசபெத் ராணியின் வெள்ளிவிழா நடக்கும் 1977, பிறகு 1983, இந்த இரண்டு வருடங்களும்தான் அந்தக் கதையின் முதுகெலும்பு.

சரி, வசனத்தை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். பெர்ட்வீ காலத்து இங்கிலாந்து எப்படி இருக்கிறது? 1970இல் வந்த 'தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்' கதையில் பிரிட்டன் சொந்தமாகச் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புகிறது. 1971இல் வந்த 'த டீமன்ஸ்' கதையில் பிபிசி 3 என்று ஒரு சேனல் ஓடுகிறது, நிஜத்தில் அப்போது பிபிசிக்கு இருந்தவை இரண்டே சேனல்கள். 1975இல் பிரிகேடியர் தொலைபேசியில் பிரதமரை 'மேடம்' என்று அழைக்கிறார், பிரிட்டனுக்குப் பெண் பிரதமர் வந்தது 1979இல். எடுத்தவர்கள் 'இன்னும் சில வருடம் கழித்து' என்றுதான் நினைத்து எடுத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கார்களும் காலர்களும் அசல் எழுபதுகள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது பட்ஜெட். எதிர்காலக் காலரைத் தைக்க யாரிடமும் காசு இல்லை.

ஆகவே நான் எண்பதுகள் கட்சி. எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஐந்தாறு சாட்சி என் பக்கம். ஆனாலும் அந்த ஒன்று என்னிடம் தோற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், பிரிகேடியர் 1977இல் அந்தப் பள்ளியில் நிற்கிறார், அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். இப்படி மிச்சம் இருப்பதை மிச்சம் என்று சொல்லும் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும் பொருத்திக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் கடைசியில் இணை உலகம், நேரச் சுழல் என்று யாரும் பார்க்காத நான்கு சம்பவங்களைக் கற்பனை செய்ய வேண்டியதாகிறது. ஒரு முரணைத் தீர்க்க நீங்கள் திரையில் இல்லாத எத்தனை விஷயங்களைச் சேர்க்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் முரணையே வைத்துக்கொள்ளலாம்.

தொடரை எழுதுகிறவர்களுக்கும் இந்த வழக்கு தெரியும். 2008இல் டேவிட் டெனன்ட்டின் டாக்டர், யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தனக்கே சந்தேகம் வருவதுபோல் பேசுகிறார். 2013இல் பிரிகேடியரின் மகள் கேட், அப்பாவின் கோப்பு ஒன்றைக் கேட்கும்போது, தேதியிடும் முறையைப் பொறுத்து எழுபதுகள் அல்லது எண்பதுகள் என்கிறாள். ரசிகர்களைப் பார்த்துச் செய்த அன்பான கண்சிமிட்டல் அது. அதைக் கொண்டாடுங்கள், சாட்சியாக மட்டும் எடுக்காதீர்கள்.

ஏன் அப்படி எடுத்தார்கள் என்பது தனிக் கணக்கு

'மாட்ரின் அன்டெட்' கதையில் அந்த வாத்தியார் வேடம் முதலில் பிரிகேடியருக்கு எழுதப்பட்டதே இல்லை. 1963இல் டாக்டரோடு பயணம் போன பள்ளி ஆசிரியர் இயன் செஸ்டர்டன் திரும்பி வருவதாகத்தான் திட்டம். நடிகர் வில்லியம் ரஸ்ஸல் வர முடியாமல் போகவே, கடைசியில் பிரிகேடியராக நடித்த நிக்கோலஸ் கோர்ட்னி வந்தார். ராணுவக்காரர் ஏன் கணக்கு நடத்துகிறார், 1977 ஏன் இடிக்கிறது என்ற இரண்டுக்கும் இதுதான் காரணம். இயனாக இருந்திருந்தால் தேதியில் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த மாதிரித் தகவல் தெரிந்தால் வாதம் செழிக்கும். ஆனால் கதைக்கு உள்ளே நின்று பேசும் ஒருவரிடம், "அது நடிகர் கிடைக்காததால் வந்தது, விடுங்கள்" என்று குறுக்கே போடுவது நியாயமில்லை. அவர் கேட்டது வேறு கேள்வி. உள்ளே ஒரு விடை, வெளியே ஒரு விடை, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பழகுங்கள். அட்லாண்டிஸ் இந்தத் தொடரில் மூன்று விதமாக அழிகிறது, 1967இல் ஒன்று, 1971இல் ஒன்று, 1972இல் ஒன்று. கடைசி இரண்டுக்கும் பின்னால் இருந்தவர்கள் அதே பாரி லெட்ஸும் ராபர்ட் ஸ்லோமனும். ஒரு வருட இடைவெளியில் அவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, பார்க்கிறவர்கள் இதையெல்லாம் திரும்பப் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. வெளிவிடை அவ்வளவுதான். உள்விடை நீங்கள் தேடலாம், தேடுவது சுகம்.

எதுவரை கணக்கில் எடுப்பது

கேனான், அதாவது கதையில் நிஜமாக நடந்ததாக ஏற்கும் பகுதி எது என்று பிபிசி இதுவரை அதிகாரபூர்வமாகக் கோடு கிழிக்கவில்லை. ஸ்டார் வார்ஸில் 2014இல் பழைய நாவல்களை எல்லாம் தனியே ஒதுக்கியதுபோல் இங்கே எதுவும் நடக்கவில்லை. அதனால் பேச்சைத் தொடங்கும்போதே, டிவி மட்டுமா, ஆடியோ நாடகங்களும் சேர்த்தா, நாவல்களுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கிய வாதங்கள் பாதிக்கு மேல் இங்கேதான் முட்டி நிற்கின்றன.

டிவி மட்டும் என்பவர்களுக்கு 2013இல் வந்த 'த நைட் ஆஃப் த டாக்டர்' என்ற சின்ன எபிசோட் ஒரு கேள்வி வைக்கிறது. எட்டாவது டாக்டரான பால் மெக்கேன் சாகும் தறுவாயில் தன் தோழர்களின் பெயரைச் சொல்கிறார், சார்லி, லூசி, மாலி என்று. அவர்கள் எல்லோரும் ஆடியோ நாடகங்களில் மட்டும் வந்தவர்கள். எல்லாமே கேனான் என்பவர்களுக்கு எழுத்தாளர் பால் கார்னெல் ஒரு கேள்வி வைக்கிறார். டாக்டர் தன்னை மனிதனாக மாற்றிக்கொண்டு ஜான் ஸ்மித் என்ற பெயரில் பள்ளி ஆசிரியராக வாழும் நாவலை 1995இல் ஏழாவது டாக்டரை வைத்து எழுதினார். 2007இல் அதையே டிவிக்குப் பத்தாவது டாக்டரை வைத்து மாற்றி எழுதினார். ஒருவர் வாழ்க்கையில் இது இரண்டு முறை நடக்குமா?

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம். 2020 மார்ச் 1 அன்று 'த டைம்லெஸ் சில்ட்ரன்' வந்தது. வில்லியம் ஹார்ட்னெல் முதல் டாக்டரே இல்லை, அவருக்கு முன்னால் எத்தனையோ பிறவிகள், டாக்டரின் இனமான டைம் லார்டுகளின் மறுபிறவி ஆற்றலே குழந்தையாக இருந்த டாக்டரிடமிருந்து எடுத்ததுதான் என்றார் அப்போது தொடரை நடத்திய ஷோரன்னர் கிறிஸ் சிப்னால். கன்டின்யூட்டி செத்துவிட்டது என்று பலர் கொதித்தார்கள்.

செத்ததா? 1976 ஜனவரிக்குப் போங்கள். 'த பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையில் டாக்டரும் மார்பியஸ் என்ற வில்லன் டைம் லார்டும் மனதோடு மனம் மோதுகிறார்கள். திரையில் டாக்டரின் முகங்கள் பின்னோக்கி வருகின்றன, டாம் பேக்கர், பெர்ட்வீ, ட்ரௌட்டன், ஹார்ட்னெல். அதோடு நிற்கவில்லை, இன்னும் எட்டு முகங்கள் வருகின்றன. தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப், கதைப் பொறுப்பாளர் ராபர்ட் ஹோம்ஸ் உட்படப் படக்குழுவினர் வேடம் போட்டு நின்ற புகைப்படங்கள் அவை. முந்தைய டாக்டர்கள் என்ற எண்ணத்தில்தான் வைத்தோம் என்று ஹிஞ்ச்கிளிஃபே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே வருடக் கடைசியில் அதே ஹோம்ஸ் எழுதிய 'த டெட்லி அசாசின்' கதையில், ஒரு டைம் லார்ட் பன்னிரண்டு முறைதான் மறுபிறவி எடுக்க முடியும் என்ற விதி வந்தது. எட்டு முகங்களையும் சேர்த்தால் டாம் பேக்கரே பன்னிரண்டாவது ஆள். அதனால் ரசிகர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் அந்த முகங்களை மார்பியஸின் முகங்கள் என்று சொல்லிச் சமாளித்தார்கள். சிப்னால் அந்த முகங்களை எடுத்து 2020 எபிசோடில் மறுபடி காட்டினார்.

ஆக, கன்டின்யூட்டி என்ற அளவுகோலில் மட்டும் பார்த்தால் சிப்னால் செய்தது ஒரு பழைய முடிச்சை அவிழ்த்தது. எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. சாதாரண ஆள் ஒருவர் டார்டிஸ் என்ற பழைய கால இயந்திரம் ஒன்றைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார் என்ற எளிமையில்தான் எனக்கு டாக்டர்மேல் அன்பு வந்தது, அவரைத் தன் இனத்துக்கே மூலமாக்கியதில் அந்த எளிமை போய்விட்டது. இது என் ரசனை, என் வருத்தம். இதைச் சொல்ல எனக்கு விதிமுறை மீறல் என்ற போர்வை வேண்டாம். போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினால், எதிரில் இருப்பவர் மார்பியஸை எடுத்துக் காட்டி உங்களை ஒரே நிமிடத்தில் மடக்கிவிடுவார், உங்கள் உண்மையான வருத்தம் என்ன என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2005இலிருந்து பார்க்கத் தொடங்கிய ஒருவர் "பன்னிரண்டு முறைதானே, எப்படிப் பதின்மூன்றாவது மறுபிறவி?" என்று கேட்டால், அவர் 2013 கிறிஸ்துமஸ் எபிசோடைப் பார்த்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள், அந்தக் காட்சியை அவர் தானாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டார் என்றால், இடையில் ஒரு டாக்டராக வந்த ஜான் ஹர்ட்டை எண்ணினீர்களா, 2008இல் டெனன்ட் முகம் மாறாமலே செலவழித்த ஒன்றை எண்ணினீர்களா என்று தொடங்கலாம்.

பழகிப் பார்க்க ஆசையா? ஒரு வார இறுதியில் 'தி இன்வேஷன்', 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்', 'மாட்ரின் அன்டெட்' மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். முதல் கதையில் தொலைந்துபோன இரண்டு எபிசோடுகள் அனிமேஷனாக இருக்கும், அதனால் வசனத்துக்கு ஒரு குறையும் இல்லை. கையில் தாள் வைத்துக்கொண்டு, வருடம், மாதம், வயது, 'இத்தனை நாள் ஆயிற்று' என்று யார் எதைச் சொன்னாலும், சொன்னவர் பெயரோடு குறியுங்கள். மூன்றாவது கதையில் பிரிகேடியருக்குப் பழைய ஞாபகங்கள் திரும்பி, பழைய எதிரிகளான யேட்டிகளும் சைபர்மென்களும் ஒவ்வொன்றாகக் கண்முன் வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அதைக் குறிப்பெடுக்காமல் பாருங்கள்.